ஒரு ஆளை உட்கார வெச்சிருக்கேன்

அந்தக் கடைத்தெருவில் யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. கடை திறந்த முதல் வாரத்திலேயே ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சுரண்டினாலும் போகாது.

அவளுக்கு ஒட்டிய பெயர் வாரண்டி. தெருக்கோடியில் சின்ன மின்சாமான்கள் பழுதுபார்க்கும் கடையை அவள் திறந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஆறு வருடம், பெரிய ரோட்டைத் தாண்டி, கண்ணாடி முகப்போடு நிற்கும் பெரிய கடையில், எல்லோரும் கண்ணாடிக் கடை என்கிற இடத்தில், புகார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஓடாத சாமானை யாராவது கொண்டுவந்து வைத்தால் ரசீதில் தேதியைப் பார்ப்பாள். "வாரண்டி முடிஞ்சிருச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்பாள். அவ்வளவுதான் வேலை. சாமானைத் தொடக் கூடாது. தொட்டால் கடை பொறுப்பேற்க வேண்டிவரும் என்பது விதி. அதனால் மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பேசப் பழகியிருந்தாள்.

ஒருநாள் ஒரு அம்மாள் கொண்டுவந்த இஸ்திரிப்பெட்டியில் பிளக்குக்குள் ஒரே ஒரு கம்பி கழன்றிருந்தது. சாவிக்கொத்தின் நுனியால் திருகிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அரை நிமிட வேலை. மறுநாள் மெமோ வந்தது. அதை இரண்டு முறை படித்தாள், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். இதைப் பெரிய தியாகம் என்று நினைக்க வேண்டாம். கோபம் வந்தது, எழுதினாள். கோபம் இறங்கியபோது கையில் வேலை இல்லை. தெரிந்தது திருப்புளி பிடிப்பது மட்டும்தான், அதனால் கடை திறந்தாள்.

அந்தத் தெருவில் மொத்தம் பத்தொன்பது கடைகள். எதுவும் பார்க்க அழகில்லை. ஒரு பெயர்ப்பலகைகூட அடுத்ததோடு நேராக நிற்காது. வந்த புதிதில் அவளுக்கு அந்தத் தெருவின் பழக்கம் ஒன்று கொஞ்சமும் பிடிக்கவில்லை. கடைக்காரர்கள் கடையில் இருப்பதே இல்லை.

பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் பையோடு இறங்கினால் போதும், எந்தக் கடைக்காரர் முதலில் பார்க்கிறாரோ அவர் போய்ப் பையை வாங்கிக்கொள்வார். தன் கடைக்கு அழைத்துப்போய், "உட்காருங்க" என்பார். என்னென்ன வேண்டும் என்று கேட்பார். பிறகு வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்: "ஒரு ஆளை உட்கார வெச்சிருக்கேன். அரை இஞ்சு போல்ட்டு ரெண்டு, கோடு போட்ட நோட்டு ஒண்ணு." நோட்டும் போல்ட்டும் தாமாக நடந்து வரும். வந்தவர் எழுந்திருக்கவே தேவையில்லை. அவர் உட்கார்ந்த கடையில் எதுவும் வாங்காமல் போவதும் உண்டு. அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

"இது வியாபாரமா, இல்ல விருந்தாளி உபசாரமா?" என்று வந்த முதல் மாதம் அவள் கேட்டாள்.

"வித்தியாசம் தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லு" என்றார் ஒத்தை ஆணி.

ஒத்தை ஆணி இரும்புச்சாமான் கடைக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடிக் கடையில் திருகாணி நாற்பது கொண்ட பொட்டலமாகத்தான் கிடைக்கும். உங்களுக்குத் தேவை ஒன்று என்றால் மீதி முப்பத்தொன்பதை வீட்டில் வைத்துத் தொலைக்க வேண்டியதுதான். இவர் ஒன்று கேட்டால் ஒன்று தருவார். அவர் முதுகுக்குப் பின்னால் முந்நூறு இழுப்பறைகள், ஒன்றிலும் எழுத்து இல்லை. உடைந்த திருகாணியை நீட்டினால் அதன் இழையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார். கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை பின்னால் போய் ஒரு இழுப்பறையைத் திறக்கும். அது சரியான இழுப்பறையாக இருக்கும். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அவர் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து அவள் பார்த்ததில்லை. அவள் வாய்விட்டுப் பாராட்டுகிற ரகம் இல்லை. வேண்டுமென்றே கஷ்டமான திருகாணியாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள், அவ்வளவுதான்.

எதிர்வரிசையில் பேப்பர்க்கடை. அந்தக் கடைக்கார அம்மாள் தெருவுக்கே சித்தி. அவர் கடையில் நகல் எடுக்கும் இயந்திரம் முன்பெல்லாம் இடது விலாவில் ஒரு தட்டுத் தட்டினால்தான் ஓடும். வாரண்டி அதைப் பிரித்துச் சரிசெய்துவிட்டாள். ஆனாலும் சித்தி தட்டுவதை நிறுத்தவில்லை. "அதுக்குப் பழகிருச்சு, திடீர்னு நிறுத்தினா மனசு கஷ்டப்படும்" என்பார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் முடிவெட்டும் கடை. அங்கே வானொலி கிடையாது. கடைக்காரருக்கு ரேடியோ என்ற பெயர் வந்ததற்குக் காரணம் அவர்தான். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் நிலையம் மூடும்வரை இடைவேளை கிடையாது.

அந்த ரேடியோதான் செய்தியைக் கொண்டுவந்தார். போக்குவரத்து ஆபீஸ் பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் ஒரு அறிவிப்பை ஒட்டியிருந்தது. செவ்வாயும் புதனும், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, ஆள் வந்து எண்ணப்போகிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும் பயணிகள் அந்தத் தெருவின் கடைகளுக்குள் எத்தனை தடவை நுழைகிறார்கள் என்பது கணக்கு. இரண்டு நாளில் இருநூறு தடவை வந்தால் நிறுத்தம் இருக்கும். குறைந்தால் கண்ணாடிக் கடை வாசலுக்குப் போய்விடும்.

மற்றவர்களுக்கு அது கெட்ட செய்தி. வாரண்டிக்கு அது தலைக்கு மேல் கத்தி. கார் வைத்திருக்கிறவன் ஓடாத மின்விசிறியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவான். ஓடாததை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறவன்தான் அவளுடைய வாடிக்கை. பஸ் நிற்காவிட்டால் கடை நிற்காது.

அவளுடைய அண்ணன் இன்னும் கண்ணாடிக் கடையில்தான் இருந்தான், தள மேற்பார்வையாளராக. அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான்.

"புகார் மேசை மறுபடியும் காலியா இருக்கு. மேனேஜர் மெமோவைக் கிழிச்சுப் போட்டுடறேன்னு சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"புதன்கிழமை எண்ணி முடிக்கட்டும்ணே. அப்புறம் சொல்றேன்."

"எண்ணி என்ன ஆகப்போகுது? அந்தத் தெருவுல மொத்தமா இருக்கறதே இருநூறு செங்கல்."

 அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

செவ்வாய்க்கிழமை எண்ணுகிற பெண் வந்தாள். மடக்கு நாற்காலி, ஒரு குடை, கையில் அழுத்தினால் கிளிக் என்று எண் கூடும் சின்னக் கருவி. தெரு குட்டையானது, நேரானது. நிறுத்தத்தில் உட்கார்ந்தால் பத்தொன்பது வாசலும் தெரியும். அன்று முழுக்க நல்ல கூட்டம். வாரண்டி மட்டுமே ஏழு சாமான்கள் வாங்கி வைத்தாள். ரேடியோ கடையில் இரண்டு நாற்காலியும் காலியாகவே இல்லை. எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள்.

ஐந்து மணிக்கு ரேடியோ போய் எட்டிப்பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அறுபத்தி ஏழு."

"கருவி ரிப்பேரா இருக்கும்" என்றார் சித்தி. "வாரண்டி, போய்ப் பாரும்மா."

"கருவியில ஒண்ணுமில்ல சித்தி" என்றாள் வாரண்டி. அவளுக்குப் புரிந்துவிட்டது. மத்தியானம் இரண்டு பெண்கள் ஒரு மேசை விசிறியோடு இறங்கினார்கள். சித்தி அவர்களைத் தன் பெஞ்சில் உட்கார வைத்தார். விசிறியை வாங்கிப்போக இவளே போனாள். ஒத்தை ஆணி கொக்கிகளோடு வந்தார். தையல்காரர் அளவுநாடாவோடு வந்தார். நான்கு கடையில் வியாபாரம் நடந்தது. அந்தப் பெண்கள் நுழைந்தது ஒரே கடையில். ஆளுக்கு ஒரு கிளிக். "நாமதான் அவங்களை நடக்கவே விடறதில்லையே" என்றாள்.

அன்று சாயங்காலமே எல்லோரும் ரேடியோ கடையில் கூடினார்கள். ரேடியோவிடம் திட்டம் தயாராக இருந்தது. ஒவ்வொருவரும் சொந்தக்காரர்களில் பத்துப் பேரை நாளைக்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும், இறங்கியவர்கள் கடை கடையாக நுழைய வேண்டும்.

"எனக்கு மொத்தம் மூணு சொந்தக்காரங்க" என்றார் ஒத்தை ஆணி. "அதுல ரெண்டு பேரோட பேச்சு இல்ல."

"மூணாவது ஆளு?"

"அவன் என்னோட பேசறதில்ல."

"ஆளைக் கூட்டிட்டு வந்து ஏமாத்த வேண்டாம்" என்றாள் வாரண்டி. "வர்றவங்களே போதும். நாளைக்கு ஒரே ஒரு நாள், கடைக்காரங்க யாரும் வாசப்படி தாண்டக் கூடாது. பையை வாங்கக் கூடாது, கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. அவங்கவங்களுக்கு வேணுங்கறதை அவங்களே போய் வாங்கிக்கட்டும். அதே கூட்டம் வந்தாலே எண்ணிக்கை மூணு மடங்கு ஆகும்."

 கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"உட்காருங்கன்னாவது சொல்லலாமா?" என்று சித்தி கேட்டார்.

"உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டாங்க சித்தி."

"அது சரிதான். ஆனா நல்லா இல்லையே."

"நல்லாவா இல்லையான்னு அந்தத் தாள்ல கட்டம் கிடையாது."

புதன்கிழமை தெருவைப் பார்க்கச் சகிக்கவில்லை. எண்ணிக்கை மட்டும் ஏறியது. பத்து மணிக்குள் இருபத்தைந்து கிளிக். ஆனால் பத்தொன்பது வாசல்களிலும் பத்தொன்பது பேர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரேடியோ ஒரு காலை வெளியே வைப்பார், உடனே இழுத்துக்கொள்வார், சூட்டில் மிதித்தவர் மாதிரி. ஒத்தை ஆணி முக்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கீழே தொங்கவிட்டால் கால் தன்னால் போய்விடுகிறது என்றார். யாராவது நோட்டுப் புத்தகம் எங்கே என்று கேட்டால், "எதிர்த்தாப்புல. நீங்களே போய் வாங்கிக்கங்க" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வந்தவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. தெருவுக்குள் சண்டை.

"என்ன சித்தி, அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உங்க கடையைக் கைகாட்டறாரு?" என்று ஒரு பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏதாவது வார்த்தை தடிச்சுப் போச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"நீங்க பெரியவங்க, விட்டுக்கொடுங்க. அவருக்கும் உங்களை விட்டா யாரு இருக்கா?"

அந்தப் பெண் சமாதானம் செய்துவைக்க மறுபடியும் ஒத்தை ஆணி கடைக்குப் போனாள். அவளுக்கு அங்கே வாங்க எதுவும் இல்லை. இருந்தாலும் அது ஒரு கிளிக். மத்தியானத்துக்குள் இப்படிச் சமாதானத் தூது போனவர்களாலேயே எண்ணிக்கை பதினொன்று ஏறியிருந்தது. ரேடியோ அதைத் தனியாகக் கணக்கு வைத்திருந்தார்.

நாலரை மணிக்கு இரண்டு நாளும் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்று நான்கு. இன்னும் ஆறு. ஐந்து மணிக்குள் வரவேண்டியது ஒரே ஒரு பஸ்.

அந்த பஸ்ஸில் யார் வரப்போகிறார் என்பது தெரு முழுக்கத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் காலையிலேயே சித்திக்குப் போன் செய்து தன் பட்டியலைச் சொல்லியிருந்தார். வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. தானே கழற்றுகிறேன் என்று இறங்கி, அது வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார். மோட்டாரை வாரண்டியிடம் கொடுக்க வேண்டும். அதை மறுபடி மாட்ட ஒத்தை ஆணியிடம் நாலு போல்ட்டு. இடது கையால் சவரம் செய்ய முடியாது, அதற்கு ரேடியோ. சட்டைக்கை கட்டின் மேல் ஏறவில்லை, தையலைப் பிரித்துவிடத் தையல்காரர். ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு நகல் எடுக்கச் சித்தி. ஒரு கையால் ஷூவுக்குக் கயிறு கட்ட முடியாது, கயிறில்லாத செருப்புக்குச் செருப்புக்கடை அக்கா. விரல் விட்டு எண்ணினால் சரியாக ஆறு கடை.

"கடவுள் இருக்கான்" என்றார் ரேடியோ.

"அந்த ஆளோட கை ஒடிஞ்சதுக்கா?" என்று எதிர்வாசலிலிருந்து சித்தி கேட்டார்.

பஸ் வந்தது. வாத்தியார் மட்டும் இறங்கினார். நடத்துநர் அவருடைய சாக்கைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டு விசில் ஊதினார். சாக்குக்குள் பன்னிரண்டு கிலோ மோட்டார். வாத்தியார் வழக்கம்போல அங்கேயே நின்றார், யாராவது வருவார்கள் என்று. யாரும் வரவில்லை. இடது கையால் சாக்கின் கழுத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். இரும்பு தரையில் உராயும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. வாரண்டி கடை தெருக்கோடியில், நிறுத்தத்திலிருந்து அறுபது அடி தூரத்தில். பத்து அடி இழுத்தார். நின்றார். இன்னும் நாலு அடி. பிறகு சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டிய தொட்டில் துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் திரும்பி, வாசல் வாசலாக நிற்கிறவர்களைப் பார்த்தார்.

"என்னப்பா, தெருவுல யாராவது செத்துட்டாங்களா?"

 எல்லோரும் வாரண்டியைப் பார்த்தார்கள். விதி அவள் போட்டது.

அவளுக்குக் கணக்கு நன்றாகத் தெரிந்தது. இன்னும் நாற்பத்தாறு அடி அந்த ஆள் இழுத்தால் தன் கடை. அங்கிருந்து அவர் மற்ற ஐந்து கடையும் ஏறி இறங்கினால் இருநூறு. வெள்ளிக்கிழமை அண்ணனுக்குச் சொல்ல ஒரு பதில். வேறொன்றும் தெரிந்தது. தன் இரண்டு கைகளும் முன்னால் கோத்து, அழுத்தமாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஆறு வருடம் மேசைக்கு அடியில் இருந்த அதே மாதிரி. சாமானைத் தொடக் கூடாது என்று ஒருத்தன் விதி போட்டான், பிடிக்காமல் எழுந்து வந்தாள். வந்த இடத்தில் அதே விதியைத் தானே எழுதி, பத்தொன்பது பேரையும் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறாள்.

சீ என்று வந்தது. வாசப்படியைத் தாண்டினாள்.

அவள் சாக்கில் கை வைத்த பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. ஒத்தை ஆணி சம்மணத்திலிருந்து எழுந்த வேகத்தில் முக்காலி கவிழ்ந்தது. ரேடியோ வாத்தியாரைத் தோளைப் பிடித்துத் தன் நாற்காலிக்குக் கொண்டுபோனார். சாக்கின் மறுபக்கத்தைச் செருப்புக்கடை அக்கா பிடித்தாள். முகத்தில் சோப்பு நுரை ஏறுவதற்குள் தையல்காரர் கத்தரியோடு வந்து சட்டைக்கையைப் பிரித்தார். ஒரு வெட்டுக்கூடத் துணியில் படவில்லை, நூல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. பிரித்த இடத்தில் மூன்று பொத்தான் வைத்துக் கொடுத்தார், கட்டு அவிழ்த்த பிறகு மூடிக்கொள்ள. செருப்புக்கடை அக்கா மூன்று ஜோடியோடு தரையில் உட்கார்ந்தாள். ஒத்தை ஆணி மோட்டாரின் காலில் இருந்த துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார், போனார், நாலு போல்ட்டோடு வந்தார். அந்த நாலும் பொருந்தின. எதிர்க்கடையில் சித்தி இயந்திரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

இப்படி ஒரு வேலையை வாரண்டி எந்தப் பெரிய கடையிலும் பார்த்ததில்லை. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஒருவர் முழங்கை இன்னொருவர்மேல் படவில்லை.

நிறுத்தத்தில் ஒரே ஒரு கிளிக் கேட்டது.

ஐந்து மணிக்கு அவளே போய்க் கேட்டாள்.

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு" என்றாள் எண்ணுகிற பெண். கொஞ்சம் தயங்கி, "நீங்க ஓடினதையெல்லாம் பார்த்தேன். ஆனா கடைக்காரங்க கணக்குல வர மாட்டாங்க. பயணி மட்டும்தான்" என்றாள்.

"தெரியும். நீங்க சரியாத்தான் எண்ணினீங்க."

அந்தப் பெண் நாற்காலியை மடக்கினாள். அதன் ஒரு கால் இரண்டு நாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஒத்தை ஆணி கடைக்குள் போனாள். அவர் ஆடுகிற மூட்டைத் தடவினார், தெருவைப் பார்த்தார், ஒரு திருகாணியை எடுத்தார்.

"இப்ப உங்களை எண்ணிக்கலாம்ல?" என்று ரேடியோ வாசலில் நின்று கேட்டார்.

"மணி அஞ்சு தாண்டிருச்சுங்க."

"நாசமாப் போச்சு" என்றார் ரேடியோ. பிறகு அன்று கடை மூடும்வரை அவர் பேசவில்லை. தெருவில் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை.

வாரண்டியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே ஒத்தை ஆணியிடம் போய், "நான் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா கிடைச்சிருக்கும்ணே" என்றாள்.

"நீ இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நான் எந்திரிச்சிருப்பேன்" என்றார் அவர். "கால் மரத்துப்போச்சு. இல்லேன்னா உனக்கு முன்னாடியே வந்திருப்பேன்."

வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தான்.

"என்ன முடிவு பண்ணின?"

"வரலண்ணே."

"நிறுத்தம் எங்க வாசலுக்கு வருதுன்னு இங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அப்புறம் எந்த நம்பிக்கையில உட்கார்ந்திருக்க?"

"நம்பிக்கையெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு மோட்டாரைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். நாளைக்குத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

"அதுக்கு அடுத்த நாள்?"

"ஞாயித்துக்கிழமை லீவு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கம்பத்தை அறுத்துக்கொண்டு போனார்கள். நடைபாதையில் விரல் நீளத்துக்கு இரும்பு மிச்சம் நின்றது. கால் தடுக்கும் என்று ஒத்தை ஆணி அதன்மேல் ஒரு ரப்பர் மூடியைப் போட்டார். திங்கட்கிழமை காலை வாரண்டி கடை திறந்தபோது எதிர்பார்த்தபடியே தெரு வெறிச்சென்று கிடந்தது. இரும்புச்சாமான் கடை திறந்திருந்தது, ஆள் இல்லை. சித்தி அங்கே உட்கார்ந்து யாருக்கோ தாழ்ப்பாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தை ஆணி அண்ணன் எங்க சித்தி?"

"வருவாரு."

பத்து மணிக்கு வந்தார். இரும்புக்கம்பி ஏற்றுகிற தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பெரிய ரோட்டைத் தாண்டி வந்தார். வண்டியில் இரண்டு மின்விசிறி, ஒரு அடுப்பு, ஒரு பை. பக்கத்தில் குடையோடு மூன்று பேர் பேசிக்கொண்டு நடந்து வந்தார்கள். புது நிறுத்தம் இங்கிருந்து நானூறு அடி. பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்ற இடத்தில் இவர் வண்டியோடு நின்றிருக்கிறார்.

"முன்னாடி பத்தடி போய்ப் பையை வாங்கினோம். இப்ப நானூறு அடி" என்றார். "சக்கரத்துக்கு மட்டும் எண்ணெய் போடணும். வாரண்டி, உனக்கு வியாழக்கிழமை."

சித்தி அட்டை ஒன்றில் முறை எழுதி வைத்திருந்தார். திங்கள் ஒத்தை ஆணி, செவ்வாய் ரேடியோ, புதன் செருப்புக்கடை அக்கா. ரேடியோ முறை வந்த அன்று மட்டும் வண்டி தாமதமாக வந்தது. பாதி வழியில் நிறுத்தி ஒருவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

வியாழக்கிழமை வாரண்டி, தான் ஆறு வருடம் நுழைந்த கண்ணாடிக் கதவுக்கு எதிரில், புது நிறுத்தத்தில், தள்ளுவண்டியோடு நின்றாள். கதவு திறந்து அண்ணன் சீருடையில் வெளியே வந்தான்.

"இங்க என்ன பண்ற?"

"பஸ்ஸுக்கு நிக்கறேன்."

"வண்டியோடயா? மேனேஜர் பார்த்தா என்னைத்தான் கேப்பாரு."

"இது நடைபாதை. உங்க மேனேஜர் வீட்டுக் கூடம் இல்ல."

பஸ் வருவதற்குள் கதவு மறுபடியும் திறந்தது. ஒரு அம்மாள் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அந்த மாதிரி முகத்தை வாரண்டி ஆறு வருடம் பார்த்திருக்கிறாள், எப்போதும் மேசையின் மறுபக்கத்திலிருந்து. தேதி முடிந்துவிட்டது என்று சொல்லக் கேட்ட முகம்.

"என்னம்மா பண்ணுது அது?"

"சுடவே மாட்டேங்குது. புதுசு வாங்கச் சொல்றாங்க."

வாரண்டி அதைக் கவிழ்த்து அடியில் பார்த்தாள். "அடிமூடி திறந்து பார்க்கணும். அரை மணி நேரம் ஆகும். வர்றீங்களா? நானூறு அடிதான், பேசிக்கிட்டே போயிடலாம். அங்க உட்கார இடம் இருக்கு."

அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான். எட்டு மாதமாக அவன் தங்கச்சி வேலை செய்வதை அவன் பார்த்ததில்லை. ரோட்டைத் தாண்டி ஒருமுறைகூட வந்ததில்லை. அந்தக் கதவிலிருந்து தினமும் இப்படி எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கணக்கை எழுதுவதே அவன்தான்.

பஸ் வந்தது. தையல் இயந்திரத்தோடு ஒரு ஆள் படியில் தடுமாறினார். வாரண்டி ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் கனம் திடீரென்று குறைந்தது. திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கையைக் கொடுத்திருந்தான். இருவருமாக அதை வண்டியில் இறக்கினார்கள்.

"சாமானைத் தொட்டுட்டியே" என்றாள்.

அண்ணன் கண்ணாடிக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கையைச் சீருடையில் துடைத்தான்.

"யாரும் பார்க்கல. நீ கிளம்பு."

கெட்டில் அம்மாளும் தையல் இயந்திர ஆளும் கூடவே நடக்க, அவள் வண்டியை ரோட்டுப் பக்கம் திருப்பினாள். இடது சக்கரம் கிரீச்சிட்டது. எண்ணெய் போட வேண்டும் என்று ஒத்தை ஆணி திங்கட்கிழமையே சொல்லியிருந்தார். முறைப்படி அது செவ்வாய்க்கிழமைக்காரர் வேலை. ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சித்திக்குப் போன் போட்டாள். பின்னால் அண்ணன் இன்னும் உள்ளே போகாமல் கதவருகே நின்றிருந்தான்.

"சித்தி, மூணு... இல்ல, ரெண்டு பேர் வர்றாங்க. பெஞ்சைக் காலி பண்ணி வைங்க."